ஆவணியில் பதித்த பிச்சி

எங்கள் தெருவில் பிச்சிக்கொடியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யாரும் கிடையாது. முருங்கைக் கம்பு, செம்பருத்திக் குச்சி வரிசையில் பிச்சியும் அடுத்த வீட்டில் கேட்டு வாங்குகிற பொருள்தான். ஆனால் முருங்கையைக் கேட்டவுடன் ஒடித்துக் கொடுப்பார்கள். பிச்சியை அப்படிக் கொடுக்க மாட்டார்கள். "சரி, பதிச்சு வைக்கேன்" என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூன்று நான்கு மாத வேலை இருந்தது. கேட்டவர் பொறுத்திருப்பார், சொன்னவர் மறக்க மாட்டார்.

நாகர்கோவிலுக்கு வடக்கே, பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் ஊர். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரல் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆண்டுக்கு இரண்டு மழை பார்க்கிற மண் என்பதால் எதை ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். பக்கத்தில் தோவாளை. அங்கே பூச்சந்தை விடிவதற்கு முன்பே கூடிவிடும். ஓணத்துக்கு முந்தைய நாள்களில் கேரளத்துக்குப் போகிற பூவெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். வயலில் பிச்சி போடுகிறவர்கள் இருட்டிலேயே மொக்கு பறிக்கப் போவார்கள். எங்கள் தெருவில் இருந்ததோ விற்பதற்கான பிச்சி இல்லை. வீட்டுக்கு ஒரு கொடி, புறவாசலில், அடுக்களைத் தண்ணீர் விழும் இடத்தில் நிற்கும்.

மற்ற மாவட்டங்களில் ஜாதிமல்லி என்று சொல்லும் பூதான் இது. குண்டுமல்லியைப்போல் புதராக நிற்காது. சுருள்கம்பி விட்டுப் பற்றி ஏறவும் தெரியாது. கொப்புகள் நீளமாக ஓடி, பாரம் தாங்காமல் வளைந்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன்மேல் சாயும். ஒன்றும் இல்லாவிட்டால் தரையில் படர்ந்து கிடக்கும். ஒரு காம்பில் ஏழு, ஒன்பது சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும். மொக்கின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புத் தீற்றல் ஓடும். விரிந்தால் உள்ளே வெள்ளை. காலையில் பறித்த மொக்கு மாலையில் விரியும். அது விரிகிற நேரத்தை வீட்டில் யாரும் சொல்ல வேண்டியதில்லை, மணமே சொல்லிவிடும்.

பிச்சியைப் பதிப்பதில் எங்கள் தெருவுக்கே கைராசிக்காரி என் ஆச்சி. கைராசி என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். கூடவே நின்று பார்த்த எனக்கு, அது முழுக்க முழுக்கக் கவனம் என்பது தெரியும்.

ஆச்சி முதலில் கொப்பைத் தேடுவாள். நுனியில் இருக்கிற பச்சைத் தண்டு உதவாது. மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். மூட்டுப் பக்கம் கட்டையாகிப்போன பழைய தண்டும் லேசில் வேர் விடாது. போன வருடம் ஓடியது, பென்சில் கனம், வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். அப்படி ஒன்று வேண்டும். அதுவும் மூட்டிலிருந்து கிளம்பித் தரையோரமாகப் போகிற கொப்பாக இருந்தால் நல்லது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மண்ணுக்குள் போகப்போகிற கணுவின் இலைகளை மட்டும் கிள்ளிவிடுவாள். பிறகு பிச்சாத்திக் கத்தியைச் சரித்துப் பிடித்து, கணுவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு கீறு போடுவாள். தண்டின் பாதிக் கனம் வரைக்கும்தான். கீறின இடம் மறுபடி ஒட்டிவிடாதபடி தென்னை ஈர்க்குத் துண்டு ஒன்றைக் குறுக்கே செருகுவாள்.

குழி நாலு விரல் ஆழம். செம்மண், பழையாற்று மணல், ஆறிப்போன சாணிப்பொடி மூன்றையும் கலந்து பாதிக்குழியை முன்னமே நிரப்பியிருப்பாள். கொப்பை வளைத்து, கீறின கணு நடுக்குழியில் இருக்கும்படி வைத்து, மேலே மண்ணைப் போட்டு உள்ளங்கையால் அமுக்குவாள். கொப்பு திமிறி எழாமலிருக்க ஓர் ஓட்டுத்துண்டைப் பாரம் வைப்பாள். வெளியே நிற்கிற நுனி ஒரு முழமாவது இருக்க வேண்டும். அதை நேராக நிமிர்த்தி ஒரு கம்பில் வாழைநாரால் கட்டிவிட்டால் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை. மண் காயவும் கூடாது, சகதியாகவும் கூடாது. மழை இல்லாத நாளில் அரிசி களைந்த தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிப்பாள். எங்களுக்கு அந்த ஓட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். "தொடப்பிடாது மக்களே. வேரு வெளிச்சத்தக் கண்டா நின்னு போவும்" என்பாள். வேர் வந்ததா என்று அவள் தோண்டிப் பார்த்ததே இல்லை, நுனியைத்தான் பார்ப்பாள். முதல் மாதத்தில் நுனி வாடாமல், வளராமல் அப்படியே நிற்கும். பிறகு ஒரு நாள் புதுத்துளிர் தலைகாட்டும். அது விரல் நீளம் வந்து, இலை விரிந்து, அதற்கு மேலும் ஒரு துளிர் வந்தால்தான் ஆச்சிக்கு நம்பிக்கை வரும். மூன்று மாதம் ஆகும், சில சமயம் நான்கு.

அப்போதும் ஒரேயடியாக வெட்ட மாட்டாள். தாய்க்கொடிப் பக்கம் தண்டில் பாதியை மட்டும் வெட்டிவிட்டு ஒரு வாரம், பத்து நாள் விடுவாள். "இனிமே இது தானாக் குடிக்கப் படிக்கணும், கேட்டியா." அந்தப் பத்து நாளில் நுனி வாடாவிட்டால் மீதியையும் வெட்டி, வேரைச் சுற்றி மண்ணோடு தோண்டி எடுத்து, ஆணியால் ஓட்டை போட்ட பழைய தகர டின்னில் வைத்து, தொழுவத்து நிழலில் கொஞ்ச நாள் வைத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் கேட்டவர்களுக்குச் சொல்லி அனுப்புவாள்.

கேட்காமலே அவள் பதித்து வைத்ததும் உண்டு. எங்கள் பக்கம் ஆவணியில் நிச்சயதாம்பூலம் நடந்தால் பெரும்பாலும் தையில் கல்யாணம். தெருவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமான செய்தி காதில் விழுந்த வாரத்திலேயே ஆச்சி புறவாசலுக்குப் போய்விடுவாள். ஆவணியில் பதித்தால் ஐப்பசி மழை வந்து வேரை இறக்கிவிடும், மார்கழியில் வெட்டலாம், தையில் பெண்ணோடு அனுப்பலாம். ஒன்று தவறினாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டாகத்தான் பதிப்பாள். மறுவீட்டுக்குப் போகும் பலகாரப் பெட்டிகளோடு அந்தத் தகர டின்னும் வண்டியில் ஏறும். புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கென்று சொந்தமாக இருந்த முதல் பொருள், பல பேருக்கு, அந்தக் கொடியாகத்தான் இருந்திருக்கும். நகைக்கும் பாத்திரத்துக்கும் கணக்கு கேட்க ஆள் இருந்தது. பிச்சிக்கு யாரும் கணக்கு கேட்கவில்லை.

ஆச்சியின் தலையில் நான் பூப் பார்த்ததே இல்லை. தாத்தா போன பிறகு வெள்ளைச் சேலைக்கு மாறியவள் அவள். பறித்த மொக்கையெல்லாம் ஓலைப்பெட்டியில் எடுத்து வைத்து, மாலையில் தெருப் பெண்பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பாள். பூச்சூடக் கூடாது என்று ஊர் விலக்கி வைத்த ஒருத்தியின் கையிலிருந்துதான் அந்த ஊர்ப் பெண்களின் தலைக்கும், அவர்கள் போன ஊர்களின் புறவாசல்களுக்கும் பூ போனது. அந்த வழக்கத்தின் கொடுமை எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது. அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. கொடியைப் பார்த்துக்கொள்வதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

என் கல்யாணத்துக்கும் டின் தயாராக இருந்தது. அது என்னோடு கோயம்புத்தூர் வந்து, நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு மண்ணில் இறங்கியது. அந்த ஊரில்தான் ஆச்சியின் வேலைக்கு உள்ளே இருக்கிற காரணங்களை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர்; கோ 1, கோ 2 என்ற பிச்சி ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. புத்தகமும் கையேடும் எளிதில் கிடைத்தன. தோட்டம் வைத்திருப்பவர்கள் பேசுவதைக் கேட்கவும் வாய்ப்பு இருந்தது.

கீறிய கணுவில் நடப்பது இதுதான். வேர் உறிஞ்சும் தண்ணீர் தண்டின் உள்ளே இருக்கும் மரப்பகுதி வழியாக மேலே போகிறது. இலை சமைக்கும் சர்க்கரை வெளிப்பட்டைப் பக்கமாகக் கீழே இறங்குகிறது. அதோடு, நுனியிலும் இளந்துளிரிலும் ஊறுகிற ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளும் கீழ்நோக்கியே வருகிறது. பாதிக் கனம் மட்டும் கீறினால் தண்ணீர் மேலே போவது நிற்காது, நுனி வாடாது. ஆனால் கீழே இறங்கி வந்த சர்க்கரையும் ஆக்சினும் கீறிய இடத்தில் தடைபட்டுத் தேங்குகின்றன. இருட்டும் ஈரமும் கூடச் சேர்ந்தால், அங்கே இருக்கிற செல்கள் தண்டாக இருப்பதை விட்டுவிட்டு வேராகத் தொடங்குகின்றன. வேற்றிட வேர்கள் என்று பாடப்புத்தகம் சொல்வது இவற்றைத்தான். பாதிக்கு மேல் பிச்சாத்தி போகக் கூடாது, ஈர்க்கு வைத்துக் கீறலைத் திறந்து வைக்க வேண்டும், ஓட்டைத் தூக்கி வெளிச்சம் காட்டக் கூடாது என்று ஆச்சி சொன்ன ஒவ்வொன்றுக்கும் அங்கே விடை இருந்தது.

இந்த ஆக்சினை 1928இல் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வெண்ட் ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து பிரித்துக் காட்டினார். 1935இல் அமெரிக்காவில் சிம்மர்மேனும் வில்காக்சனும் இன்டோல் பியூட்ரிக் அமிலம் வேரைத் தூண்டும் என்று கண்டார்கள். நாற்றுப்பண்ணைகளில் கம்பின் அடியைத் தோய்த்து நடுகிற வெள்ளைப் பொடியில் இருப்பது பெரும்பாலும் அந்த அமிலம்தான். அந்தப் பொடி வந்த பிறகு வெட்டுக்கம்பு நடுவது எளிதாகிவிட்டது. நான்கு கணு உள்ள, ஒரு சாண் நீளக் கம்பு போதும். அடியைக் கணுவுக்குக் கீழே சரித்து வெட்டி, மேலே கணுவுக்குச் சற்று உயரத்தில் நேராக வெட்ட வேண்டும். எது தலை, எது கால் என்று பிறகு குழம்பாமல் இருப்பதற்கும் அந்தச் சரிவு உதவும். ஆக்சின் இறங்குகிற திசை கம்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால், தலைகீழாக நட்ட கம்பு பிழைப்பது அரிது. கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலில் ஊன்றி, அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து ஈரத்தைக் காத்தால் இரண்டு மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். மார்கழிக் கடைசியிலும் தையிலும் கவாத்து செய்யும்போது கம்புக்குப் பஞ்சமே இருக்காது.

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்துக்குப் போயிருந்தபோது, குண்டுமல்லிக்கு இந்த வேலை ஒரு பிழைப்பாகவே நடப்பதைப் பார்த்தேன். கடலோர மணலில் பாத்தி பாத்தியாகக் கம்பு ஊன்றி வளர்க்கிறார்கள். பல மாவட்டங்களின் மல்லித் தோட்டங்களுக்கு அங்கிருந்துதான் நாற்று போகிறது. நம் பிச்சியின் இனமேதான் பிரான்சில் வாசனைத் திரவியத்துக்குப் பெயர்பெற்ற கிராஸ் நகரத்திலும் வளர்கிறது. அங்கத்திய குளிர் பிச்சிக்கு அதிகம்; அதனால் குளிர் தாங்கும் இன்னொரு மல்லிகை இனத்தின் வேர்க்கட்டையில் பிச்சியை ஒட்டுக்கட்டி வளர்த்து வந்திருக்கிறார்கள். மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்ப வழி மாறுகிறது. விதை போட்டு முளைக்கட்டும் என்று விட்டுவிட மட்டும் எங்கேயும் முடிவதில்லை. தோட்டப் பிச்சி காய்ப்பது அபூர்வம். இந்தப் பூவின் மணத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது மனிதக் கைதான்.

இதில் நான் மிகவும் யோசித்த விஷயம் ஒன்று உண்டு. பதியத்தில் வந்த கொடி தாய்க்கொடியின் பிள்ளை அல்ல, அது தாய்க்கொடியேதான். இரண்டு செடிகளின் மகரந்தமும் சூலும் கலந்து பிறந்த புதுச்செடி அல்ல, பழைய செடியின் ஒரு கை இன்னோர் இடத்தில் கால் ஊன்றியது. அதனால் நல்லதும் அப்படியே வரும், கெட்டதும் அப்படியே வரும். பூவிதழ்கள் பச்சையாகி இலையாய்த் திரிகிற ஒரு நோய் மல்லிகைகளுக்கு உண்டு. அந்தக் கொடியில் கம்பு எடுத்தால் நோயும் கூடவே வந்துவிடும். கோ 2 ரகத்தின் சிறப்புகளில் ஒன்று, அந்த நோயை ஓரளவு தாங்கும் என்பது. ஆச்சிக்கு நோயின் பெயர் தெரியாது. ஆனால் பச்சைப் பூ பூத்த கொடியில் கை வைக்காதே என்று சொல்வாள். கொப்பு எடுக்கப்போகிற கொடியைப் பூக்காலத்திலேயே பார்த்து வைத்திருப்பாள். பதிப்பது ஆவணியில் என்றாலும், எதைப் பதிப்பது என்ற முடிவு சித்திரையிலேயே ஆகியிருக்கும்.

ஆச்சி போய்ச் சில வருடங்களில் ஊர்ச் சாலையை அகலப்படுத்தினார்கள். புறவாசல் பக்கம்தான் சாலை போனது. சுவரும் தொழுவமும் கொடியும் ஒரே காலையில் இல்லாமல் போயின. இழப்பீடு கொடுத்த பட்டியலில் தென்னைக்கு விலை இருந்தது, பிச்சிக்கு இல்லை. கோயம்புத்தூரில் நான் வைத்த கொடியும் அப்போது என்னிடம் இல்லை. வீடு மாறும்போது பெயர்த்தெடுக்க முடியாத அளவு அது வேரோடியிருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கே விட்டு வந்திருந்தேன். ஊருக்குப் போய்ச் சாலையில் நின்றபோது, அந்த இடத்தில் மண்கூட இல்லை, தார்தான் இருந்தது. நான் அழுதேன்.

பணகுடியில் கட்டிக்கொடுத்த என் அத்தை வீட்டுக்கு அந்தப் பயணத்தில்தான் போனேன். புறவாசலில் பிச்சி நின்றது. "ஒங்க ஆச்சி குடுத்தனுப்புன கொடிதான் பிள்ளே. பொறு, பதிச்சு வைக்கேன்" என்றாள் அத்தை. ஆச்சியின் கையெழுத்தை எங்கோ ஒரு பழைய தாளில் பார்த்தவள்போல் நின்றேன். ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; அவள் எழுதியது இதைத்தான்.

அத்தையின் கணக்கு வேறாக இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் ஆனி, ஆடியில் மழை இல்லை, காற்றுதான். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று பதியத்து மண்ணை ஒரே பகலில் உலர்த்திவிடும். கட்டி வைத்த நுனியை ஆட்டி ஆட்டிப் பிஞ்சு வேரை அறுத்துவிடும். அதனால் காற்று ஓய்ந்து, ஐப்பசியில் வடகிழக்கு மழை தொடங்கிய பிறகு, சுவரின் கிழக்குப் பக்கம் ஒதுக்கமாகத்தான் பதிப்பாள். வெட்டுவது மாசியில். ஆச்சியிடம் படித்த பாடத்தைத் தன் ஊர் வானத்துக்கு ஏற்ப மாற்றி, நாற்பது வருடத்துக்கும் மேலாக அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தெருவில் பல வீடுகளில் அந்தக் கொடி நின்றது. அந்த வீட்டுக்காரர்களில் யாருக்கும் என் ஆச்சியைத் தெரியாது.

மாசியில் போய் வாங்கி வந்தேன். இப்போது எங்கள் மாடியில் பெரிய தொட்டியில் நிற்கிறது. தரை இல்லாத வீட்டிலும் பதியம் போடலாம் என்பதை இந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன். தாய்த்தொட்டிக்குப் பக்கத்தில் சின்னத் தொட்டியில் மண்கலவையை நிரப்பி வைத்து, ஒரு கொப்பை வளைத்து அதற்குள் இறக்கினால் போதும். ஆச்சி செய்த அதே கீறு, அதே ஈர்க்கு. ஓட்டுத்துண்டுக்குப் பதிலாக வளைத்த கம்பியால் குத்தி நிறுத்துகிறேன். வேர் பிடித்ததும் இடையில் வெட்டினால் தொட்டி அப்படியே கைமாறத் தயார். வேரைத் தொடவே வேண்டியதில்லை. வெயில் அரை நாளாவது படும் இடமாக, தண்ணீர் தேங்காத தொட்டியாக இருக்க வேண்டும். புதுக்கொப்பில்தான் பூ வரும் என்பதால் ஆண்டுக்கு ஒரு கவாத்து அவசியம்.

வெட்டுக்கம்பு வேகமானது, நானும் நடுகிறேன். ஆனால் யாருக்காவது கொடுக்க வேண்டும் என்றால் பதியம்தான் போடுகிறேன். வெட்டிய கம்பு வேர் வரும்வரை தன்னிடம் இருக்கிற சேமிப்பை வைத்துப் போராட வேண்டும். பதியத்துக் கொப்பைத் தாய் கடைசி நாள் வரை ஊட்டுகிறது. வீட்டில் முதன்முதலாகச் செடி வைக்கிறவர் கையில் தளராத கொடி போய்ச் சேர வேண்டும். முதல் கொடி பட்டுப்போனால் பலர் இரண்டாவது வைப்பதில்லை.

இன்று நாற்றுப்பண்ணையில் பிச்சி எளிதாகக் கிடைக்கிறது. வாங்கி வைப்பது நல்ல காரியம். வாங்கியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கொடி நன்றாக ஓடின முதல் ஆவணியிலேயே ஒரு கொப்பைப் பதித்து, உங்கள் சுவருக்கு வெளியே இருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வீடு கைமாறும், சாலை வரும், ஆள் போவார். விதை வைக்காத கொடிக்குத் தன்னைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லை. எங்கள் ஆச்சியின் பிச்சி இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவள் அதைத் தனக்கென்று பத்திரப்படுத்தாமல் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்ததுதான்.